இடது கையில் இரண்டு தையல்

நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை. பேய், பிசாசு, தரிசனம் என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். தொண்ணூறுகளில் திருப்பூர் வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தேன். ஒரு தையல் விட்டிருந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது, அந்தத் திமிர் வேறு.

அங்கே ஓவர்லாக் மிஷினில் ஓரம் தைக்கிறவள் ஆரோக்கியம். அவளுடைய ஆறு வயது மகள் ஸ்டெல்லா மூளைக்காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். புருஷனைத் துணைக்கு வைத்துவிட்டு இவள் வேலைக்கு வந்து, நாள் முழுக்க முணுமுணுத்துக்கொண்டே தைப்பாள். என்னவென்று கேட்டேன். அந்தக் காலத்தில் சீமையில் மடத்துக் கன்னியாஸ்திரிகள் ஜெபத்தாலேயே மாதாவுக்கு அங்கி தைப்பார்களாம், ஒரு ஜெபம் ஒரு தையலாம், கோயில் சிஸ்டர் சொன்னாராம். மகள் பிழைக்க இவளும் அப்படி ஒரு அங்கி தைக்கிறாளாம்.

"ஏனம்மிணி, திருப்பூர்ல உங்க மாதாவுக்குத் துணிப் பஞ்சமா?" என்று கேலி செய்தேன்.

அன்று மத்தியானமே குழந்தைக்கு நினைவு தப்பிவிட்டதாக ஆள் வந்தது. ஓடுகிறவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, அங்கியில இடது கை மட்டும் பாக்கிங்க. அம்பது ஜெபம். நீங்க முடிச்சுருங்க. பாதில நின்னா எம்புள்ள போயிருமுங்க."

பக்கத்தில் கேட்டுக் கேட்டு 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் எனக்கும் மனப்பாடம். பாவமாக இருந்தது, பீஸ் பார்த்துக்கொண்டே சொன்னேன். டஜன் டஜனாகக் கட்டுப் போட்டுப் பழகிய புத்தி, நாலு டஜன் முடிந்ததும் ஆச்சு என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனால் ஸ்டெல்லா கண் விழித்துப் படுத்திருந்தாள். ஆரோக்கியம் பால் வாங்கப் போயிருந்தாள்.

"பெரீம்மா, நேத்து ஒரு அம்மா என்னைத் தூக்கி வெச்சிருந்தாங்க. நீல அங்கி. இங்க மட்டும் ரெண்டு தையல் விட்டுருந்துச்சுங்க" என்று தன் இடது மணிக்கட்டைத் தொட்டுக் காட்டினாள்.

அப்போதுதான் உறைத்தது. நாலு டஜன் என்றால் நாற்பத்தெட்டு. ஐயோ, எனக்கே தெரியாத தப்பு இவளுக்கு எப்படித் தெரியும்? அங்கேயே நின்று மீதி இரண்டையும் சொன்னேன்.

"தெச்சாச்சு கண்ணு" என்றேன்.

"இல்லீங்க. உங்ககிட்டயே நேர்ல வந்து தெச்சுக்கறேன்னாங்க."

ஸ்டெல்லாவுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். அவளுக்கு இதெல்லாம் ஞாபகமே இல்லை. நான்தான், வாசலில் எந்தப் பெண் வந்து நின்றாலும் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் இடது கையைப் பார்க்கிறேன். இதோ, நீல நூல் கோத்த ஊசி, ஜாக்கெட்டில் குத்தியே இருக்கிறது.