அக்கா தெரிந்தெடுத்த சிவப்பு வைன்

எங்கள் அக்காவின் முப்பத்தோராம் நாள் கிரியைகளுக்கு வந்து, மதிய உணவு முடித்து, இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவினருக்கும் நண்பர்களுக்கும் அவருடைய ஒரே தம்பி எழுதிக்கொள்வது. முதற் பக்கத்தில் தேவாரம் இருக்கிறது, அடுத்த பக்கத்தில் வம்சாவளி இருக்கிறது. அவற்றில் யாரும் குறை காண முடியாது. இந்தக் கட்டுரையில் காண்பீர்கள். வட லண்டன் எட்மண்டனில் இருக்கும் எங்கள் மாமா இரண்டு தரம் தொலைபேசி எடுத்து, அக்காவின் கடைக் கதையை விட்டுவிடும்படி சொன்னார். “ரீச்சராய் இருந்தவ, கோயில் குளமெண்டு வாழ்ந்தவ எண்டு எழுது. செத்தவீட்டுப் புத்தகத்திலை வைன் போத்தலைப் பற்றி ஆரும் எழுதுவினமே?” என்றார். நான் எழுதுகிறேன் மாமா. எழுதாமல் விட்டால் எனக்குச் சோறு இறங்காது.

உங்களில் பலர் மனதில் வைத்திருப்பது எனக்குத் தெரியும். ஈரல் வருத்தத்தில் போனவர், மதுக்கடை நடத்தியவர், ஆகவே குடித்துத்தான் போனார். தகனம் முடிந்து வெளியே வரும்போது என் காதுபடவே இரண்டு பேர் அப்படிப் பேசிக்கொண்டார்கள். நான் திரும்பிப் பார்த்ததும் என் கையைப் பிடித்துத் துக்கம் விசாரித்தார்கள். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். அக்கா ஆயுள் முழுவதும் சேர்த்த மரியாதை அந்த வாசலில் அள்ளிக் கொட்டப்பட்டது, நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அதை மீட்க எனக்கு இந்த நாலு பக்கத்தைத் தவிர வேறு வழியில்லை.

அக்கா பருத்தித்துறைக்கு அருகில் பிறந்தவர். அம்மா படுக்கையில் விழுந்ததால் பல்கலைக்கழகத்தை விட்டுவிட்டு உள்ளூர்ப் பாடசாலையில் கணிதம் படிப்பித்தார். சண்டை இறுகிய காலத்தில் இருந்த நகையை விற்று முதலில் என்னை வெளியே அனுப்பினார். அம்மாவின் காரியங்களை முடித்த பின்னரே தான் வந்தார். லண்டனில் குரோய்டன் குடிவரவு அலுவலக வரிசையில் குளிருக்குள் நின்ற நாட்களில், முன்னால் நின்ற பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தாராம். அங்கே அறிமுகமான ஒரு குடும்பத்தின் மூலம் அத்தானைத் திருமணம் செய்தார். அத்தானுக்கு நோர்பரியில் ஓஃப் லைசன்ஸ் கடை, அதாவது மதுவும் சில்லறைச் சாமானும் விற்கும் கடை, இருந்தது. கீழே கடை, மேலே வீடு. ஒரு மகள் பிறந்தாள்.

மகளுக்கு ஏழு வயதாக இருக்கும்போது, மொத்த வியாபாரக் கிட்டங்கியில் பெட்டி தூக்கிக்கொண்டிருந்த அத்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். எழும்பவில்லை. அதற்குப் பிறகு கடை அக்காவின் தலையில் வந்தது. அதே ஆண்டில் எதிர்ப்பக்கத்தில் ஒரு சுப்பர் மார்க்கெட் திறந்தார்கள். பால், பாண், பியர் எல்லாவற்றையும் அக்கா வாங்கும் விலைக்கே அவர்கள் விற்றார்கள். எங்கள் கடை வாசலால் சனம் அவர்களுடைய பைகளைத் தூக்கிக்கொண்டு நடந்து போகும். அக்கா கல்லாவுக்குப் பின்னாலிருந்து ஒருநாள் வாய்விட்டு அழுததை நான் பார்த்தேன். கடை போனால் மேல் வீடும் போகும், பிள்ளையோடு எங்கே போவது என்று கேட்டார். அப்போது நான் இரண்டு ஷிப்ட் வேலை செய்துகொண்டு ஓர் அறையில் குடியிருந்தேன்.

அத்தான் மலிவாகக் கிடைத்தது என்று ஸ்பெயின் தேசத்துச் சிவப்பு வைன் சில பெட்டி வாங்கி மூலையில் போட்டிருந்தார். தூசி பிடித்துக் கிடந்தது. ஓய்வுபெற்ற பஸ் சாரதி ஒருவர், வெள்ளைக்காரர், அதில் ஒன்றை எடுத்துப் போனார். மறுநாள் வந்து, இரண்டு மடங்கு விலைப் போத்தலைவிட இது நன்றாக இருக்கிறது, இன்னும் உண்டா, இதைப்போல் வேறு என்ன வைத்திருக்கிறாய் என்று கேட்டார். அக்காவுக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரியாத சாமானை விற்கிறேனே என்ற வெட்கம் அவரைப் பிடித்துக்கொண்டது. வெட்கம் என்றாலும் அதற்குள் ஒரு நப்பாசையும் இருந்தது. எதிர்க்கடையில் போத்தல் உண்டு, ஆனால் கேட்டால் சொல்ல ஆள் இல்லை. இது படித்து எடுக்கக்கூடிய பாடம் என்று ரீச்சருக்குப் பட்டுவிட்டது.

ஸ்பெயின் வைன் இறக்குமதி செய்யும் ஒரு நிறுவனம் சிறு கடைக்காரர்களை லண்டன் நகர மத்தியில் ஒரு மண்டபத்துக்கு அழைத்திருந்தது. மேசை மேசையாக வைன் ஊற்றித் தருவார்கள். வாயில் வைத்துச் சுவை பார்த்துவிட்டுப் பக்கத்திலுள்ள பாத்திரத்தில் துப்பிவிட வேண்டும். அதுதான் அந்தத் தொழிலின் முறை. எங்கள் அக்காவால் அது முடியவில்லை. கையில் கொடுத்ததைக் கொடுத்தவர்களின் முகத்துக்கு முன்னால் துப்புவது எவ்வளவு பெரிய அவமரியாதை! ஆகவே ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்லி எல்லாவற்றையும் விழுங்கினார். பதினொரு வகை. அதுவரை கிறிஸ்மஸ் கேக்கில் ஊறிய பிராண்டியைத் தவிர வேறொன்றும் அறியாதவர்.

அன்று பின்னேரம் குரோய்டனில் எங்கள் உறவுக்காரப் பிள்ளையின் பூப்புனித நீராட்டு விழா. அக்கா அங்கிருந்து நேரே ரெயினில் வந்தார். கன்னம் சிவந்து, சத்தமாகச் சிரித்துக்கொண்டு, மேடைக்குப் போய்ப் பிள்ளையைக் கட்டிப்பிடித்தவர் விடாமல் நின்றார். வீடியோக்காரர் விளக்கைப் பிடித்தபடி காத்திருந்தார். முன்வரிசைப் பெண்கள் மூக்கைச் சுருக்கினார்கள். புருசனை இழந்தவள், அதுவும் நல்ல காரியத்தில், குடித்துவிட்டு வந்து நிற்கிறாள் என்று வரிசை வரிசையாகக் குசுகுசுத்தார்கள். அந்த நேரம் ஆண்கள் நாங்கள் எங்கே நின்றோம் என்பதையும் எழுதிவிடுகிறேன். கார்த் தரிப்பிடத்தில், டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு, கடதாசிக் கோப்பையில் விஸ்கி குடித்துக்கொண்டு நின்றோம். மாமாவும் நின்றார். பிறகு ஏலக்காய் மென்றுகொண்டு உள்ளே வந்து, அக்காவைப் பார்த்துத் தலையில் கைவைத்தோம்.

அன்றிலிருந்து அவர் உங்கள் வீடுகளில் ‘வைன்கார அக்கா’ ஆனார். என் காரில் அவரை ஏற்றிக்கொண்டு போக எனக்கு வெட்கமாக இருந்தது. முகம் காட்டாமல் நழுவிவிட்டேன். யாரோ ஒரு சிநேகிதி அவரை வீட்டில் கொண்டுபோய் விட்டார்.

வேறொருவர் என்றால் அத்தோடு விட்டிருப்பார். அக்கா ஒரு கிழமை தலை காட்டவில்லை. பிறகு குசினித் தொட்டியின் முன்னால் நின்று, வெறும் தேத்தண்ணீரை வாயில் வைத்துச் சுழற்றித் துப்பப் பழகினார். மகள் சிரிப்பாளாம், இவர் சிரிக்க மாட்டாராம். அடுத்த தடவை அந்த மண்டபத்துக்குப் போனபோது மற்றவர்களைப்போல் துப்பினார். எப்படி மனம் வந்தது என்று ஒருநாள் கேட்டேன். “பிள்ளைக்குச் சோறு போடவேணும் எண்டால் துப்பவும் ஏலும் தம்பி” என்றார்.

அவர் கற்றதில் எனக்கு ஞாபகமிருப்பதைச் சொல்கிறேன். ஒரு குடிகாரருக்கு இவ்வளவு கவனம் இருக்குமா என்று நீங்களே பாருங்கள். ஆக மலிந்த போத்தலை எடுக்கக் கூடாதாம். வரி, கண்ணாடி, கப்பல் கூலி எல்லாம் எல்லாப் போத்தலுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான், ஆகவே அதில் வைனுக்கென்று மிஞ்சுவது சில்லறை. இரண்டு பவுண் கூடக் கொடுத்தால் அதில் பெரும்பங்கு போத்தலுக்கு உள்ளே இருப்பதற்கே போகும். இதை அவர் வெற்றுப் பெட்டியின் மட்டையில் கோடு போட்டு எனக்கு நிறுவிக் காட்டினார். ஸ்பெயினில் ரியோகா என்பது பெயர்பெற்ற இடம், பெயருக்கும் சேர்த்துக் காசு வாங்குவார்கள், பெயர் அறியாத பக்கத்து இடங்களைப் பார் என்பார். கலத்தாயூத் மேட்டு நிலத்தில் கிழட்டுக் கொடிகளில் காய்க்கும் கர்னாச்சா திராட்சையும், ஹுமியா என்ற வெயில் பிரதேசத்தின் மொனாஸ்ட்ரெல்லும் அப்படித்தான் அவருடைய கடைத் தட்டுக்கு வந்தன. லேபிளில் கிரியான்சா என்றிருந்தால் கொஞ்சக் காலம் மரப்பீப்பாயில் கிடந்தது, ரிசேர்வா என்றால் இன்னும் கூடக் காலம். கூடக் கிடந்தது எல்லாச் சாப்பாட்டுக்கும் உதவும் என்று நம்பாதே என்பார். எங்கள் இறைச்சிக் கறியின் உறைப்புக்கு மரவாசனை ஏறியது கைக்கும். பீப்பாய் காணாத இளசாக ஒன்றை எடுத்து, அரைமணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டு ஊற்றினால் இதமாக இருக்கும்.

மற்றவர்கள் பேசும் சொற்கள் அவருக்கு வாய்க்கவில்லை. சாயம் கூடிய தேத்தண்ணி குடித்தால் பல் முரசு இறுகுமே, அந்தக் கயர், அந்தத் துவர்ப்பு, எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பார். நாவற்பழமா, காய்ந்த புளியா என்று பார்ப்பார். விழுங்கிய பிறகு, அல்லது துப்பிய பிறகு, ருசி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று சுவர் மணிக்கூட்டைப் பார்ப்பார். பிறகு சிறு மட்டையில் ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதித் தட்டில் ஒட்டுவார். ஆட்டிறைச்சிக்கு நல்லது, மீனுக்கு வேண்டாம். மழை நாளுக்கு. மாமியார் வரும் நாளுக்கு இதைவிட மலிந்தது போதும். சனம் நின்று வாசித்துச் சிரிக்கும், சிரித்துவிட்டு வாங்கும். ரெயினால் இறங்கியவர்கள் எதிர்க்கடையைத் தாண்டி இங்கே வந்தார்கள். கடை பிழைத்தது. மகள் படித்து ஆளானாள்.

இப்போது மாமா பயந்த இடத்துக்கு வருகிறேன். அக்கா குடித்தாரா? குடித்தார். கடை பூட்டியிருக்கும் ஞாயிறு மதியங்களில், கறியோடு அரைக் கிளாஸ். கண்ணை மூடிக்கொண்டு, ஆறுதலாக, ரசித்துக் குடித்தார். அவருடைய வாழ்க்கையில் அவருக்கென்று இருந்த சுகம் அந்த அரைக் கிளாஸ் மட்டும்தான் என்று நினைக்கிறேன். அதை ஒளித்து ‘தொட்டதேயில்லை’ என்று எழுதினால் உங்களுக்கு நிம்மதியாக இருக்கும். ஆனால் அது வேறொரு பெண்ணைப் பற்றிய கட்டுரையாகிவிடும்.

மூன்று வருடங்களுக்கு முன் உடம்பெல்லாம் சொறியச் சொறியக் கடிக்கத் தொடங்கியது, களைப்பு வந்தது, கண் மஞ்சளாயிற்று. அவர் மகளை மட்டும் கூட்டிக்கொண்டு வைத்தியரிடம் போனார். என்ன சொன்னார்கள் என்று எங்களுக்குச் சொல்லவில்லை. இவ்வருடம் வயிறு வீங்கி ஆஸ்பத்திரியில் படுத்தபோதுதான் ஈரல் என்று எல்லோருக்கும் தெரிந்தது. தெரிந்த அன்றே தீர்ப்பும் எழுதியாயிற்று. யாரைக் குற்றம் சொல்ல? நானும் எழுதினேன். அதற்கு முந்திய மாதம் கடைக்குப் போனபோது பின்னறையில் திறந்த போத்தலையும் கிளாஸையும் கண்டிருந்தேன்.

ஒரு வியாழக்கிழமை பின்னேரம் அவருடைய கட்டிலருகே நானும் அவரும் மட்டும். சூப் கொடுத்தேன், இரண்டு கரண்டி குடித்தார். என் வாய் சும்மா கிடக்கவில்லை. “அக்கா, உண்மையைச் சொல்லுங்கோ. இவ்வளவு வருத்தத்தோடையும் ஒளிச்சுக் குடிச்சனீங்களோ?” என்று கேட்டேன்.

அவர் கோபிக்கவில்லை. என்னைப் பார்த்தார்.

“இல்லையெண்டு சொன்னால் நம்புவியோ தம்பி?”

போர்வையைச் சரிசெய்தேன். சூப்பை மூடி வைத்தேன். அக்கா, வேலைக்கு நேரமாகுது, போட்டு வா என்றார். போனேன். மறுநாள் காலை நான் போகும்போது அவருக்கு நினைவு தப்பியிருந்தது. திங்கட்கிழமை போய்விட்டார்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த பிறகு மகள் வைத்தியரின் கடிதத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். இது குடியால் வந்ததல்ல. உடம்பு தன் ஈரலையே பகையென்று நினைத்துத் தின்னும் நோய், பெண்களுக்குத்தான் கூட வரும். நோய் தெரிந்த நாளிலிருந்து, மூன்று வருடமாக, அக்கா ஒரு மிடறும் விழுங்கவில்லை. கடைக்கு வைன் தெரிந்தெடுக்க வேண்டியிருந்ததால் பின்னறையில் சுவை பார்த்துப் பார்த்துத் துப்பியிருக்கிறார். நான் கண்ட போத்தல் அதுதான். ஏன் ஒருவருக்கும் சொல்லவில்லை என்று கேட்டேன். “அம்மா வேண்டாமெண்டவ, மாமா. நம்புறவைக்குச் சொல்லத் தேவையில்லை, நம்பாதவைக்குச் சொல்லிப் பிரயோசனமில்லை எண்டவ” என்றாள். நான் அவளுடைய தாயிடம் என்ன கேட்டேன் என்பது அவளுக்கு இன்றுவரை தெரியாது. இதை வாசித்துத்தான் அறியப் போகிறாள். மருமகளே, என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கும் தைரியம் எனக்கில்லை.

அக்காவின் இறுதி நாட்களில் முகம் சுளிக்காமல் பராமரித்த தாதிமாருக்கும், கிரியைகளை நடத்திய ஐயாவுக்கும், சமைத்துக் கொண்டுவந்த வீடுகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பூட்டிய கடை வாசலில் பூ வைத்துவிட்டுப் போன வாடிக்கையாளர்களுக்கும் நன்றி. அவர்களில் ஒருவரும் அக்காவைத் தப்பாக நினைத்தவரல்லர். ஊரையும் உறவையும் பார்த்துப் பயந்து நானும் அவரைக் கைவிட்டேன். அந்த வியாழக்கிழமை ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால் அவர் நிம்மதியாகப் போயிருப்பார். எனக்கு வாய் வரவில்லை. இப்போது, இவ்வளவு பேருக்கு முன்னால், அச்சில் சொல்கிறேன்.

ஓம் அக்கா. நம்புறன்.

உங்கள் தம்பி