ஒன்பது நாள் ஓடிய டர்போ

காங்கேயத்தில் கோயமுத்தூர் பஸ் ஏறும்போது கீதாவின் கையில் அரிசிச் சாக்கில் சுற்றிய ஒரு கனம் இருந்தது. பதினைந்து கிலோவாவது இருக்கும். சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருக்கலாம். மனசு வராமல் மடியிலேயே வைத்துக்கொண்டாள். சேலையில் கரி ஒட்டுவதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே சாக்கைப் பார்த்தார்.

"என்னங்கம்மணி அது, எறக்கி வெக்காம வாரீங்க? கோழியா?"

"டர்போங்க."

"என்னதுங்க?"

"லாரி டர்போங்க. எஞ்சினுக்குக் காத்தடிக்கிறது."

"அட, எங்க வண்டிக்கும் ஒண்ணு மாட்டியுடுங்க. பல்லடம் மேட்டுல மூச்சு வாங்குது."

முன்னால் இருந்து டிரைவர் திரும்பாமலே சொன்னார். "வண்டிக்கு மூச்சு வாங்கலீங்கம்மணி. இவன் பேச்சுப் பாரந்தான் இழுக்க மாட்டேங்குது. எறக்கி உட்டா பறக்கும்."

பஸ்ஸே சிரித்தது. கீதாவும் சிரித்தாள். சிரித்த கையோடு சாக்கின் முனையை இன்னொரு சுற்று இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அது அவள் புருஷன் செங்கோடனின் லாரியில் இருந்தது. இரண்டு வருஷமாக அந்த லாரி காங்கேயத்தை அடுத்து, செங்கோடனின் அண்ணன் தோட்டத்தில், வேலியோரமாக நின்றுகொண்டிருந்தது. இப்போது வாங்க ஆள் வந்துவிட்டான். வந்தவன் மெக்கானிக்கோடு வந்து எஞ்சினைப் பார்த்துவிட்டு, டர்போ போச்சு, புதுசு மாட்டிக்கொள்கிறேன் என்றான். "அப்ப அந்தப் பழசு மட்டும் எனக்கு வேணுங்க" என்று கீதா கேட்டாள். அவன் தோளைக் குலுக்கிவிட்டுக் கழற்றிக் கொடுத்தான். எதற்கு என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவளால் சொல்லியிருக்க முடியாது. அந்த இரும்பைப் பழுதுபார்த்தவள் அவள். தன் கைவேலையால்தான் புருஷன் செத்தானா இல்லையா என்பது அதற்குள்தான் இருந்தது.

கீதா போத்தனூரில் ஒரு டர்போ பட்டறையில் பதின்மூன்று வருஷமாக இருக்கிறாள். தேய்ந்துபோன டர்போக்கள் நாலா திசையிலிருந்தும் அங்கே வரும். பிரித்து, கழுவி, புது பேரிங் போட்டு, திரும்பப் பூட்டி அனுப்புவார்கள். பார்க்க நத்தை ஓடு மாதிரி இருக்கிற அந்தச் சாமானுக்குள் ஒரு ஷாஃப்ட். அதன் ஒரு முனையில் இருக்கும் வீலை எஞ்சின் புகை சுழற்றும். மறுமுனை வீல் காற்றை இழுத்து எஞ்சினுக்குள் திணிக்கும். நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்று. அந்த வேகத்தில் ஒரு பக்கம் மயிரிழை கனம் கூடினாலும் எல்லாம் சிதறிவிடும். அதனால் ஷாஃப்டை பேலன்சிங் மெஷினில் ஓட்டி, எந்தப் பக்கம் எத்தனை மில்லிகிராம் கூடுதல் என்று பார்த்து, அந்த இடத்தை மட்டும் நோகாமல் உரசி எடுப்பார்கள். அந்த வேலை கீதாவுடையது. அவள் ஓட்டி அனுப்பியது எதுவும் திரும்பி வந்ததில்லை என்று பட்டறை முதலாளி சசிதர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வான்.

செங்கோடனும் பெருமைப்பட்டான். அவன் டர்போ தேய்ந்து கரும்புகை தள்ளியபோது, புதுசே வாங்கிவிடலாம் என்று எத்தனையோ பேர் சொன்னார்கள். "எம்பொண்டாட்டி கை பட்டது எனக்குப் போதுமப்பா" என்று கழற்றிக்கொண்டு வந்து கொடுத்தான். அன்று சனிக்கிழமை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவள் அதைச் செய்தாள். வெளியே பைக்கில் உட்கார்ந்து அவன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். வழக்கமாக ஒரு தடவை ஓட்டி அளவு எடுத்தபின், சந்தேகத்துக்கு இன்னொரு தடவையும் ஓட்டுவாள். அன்று மறுவோட்டம் விடவில்லை. மூன்று மில்லிகிராம் என்று கார்டில் எழுதினாள். நாலு வரைக்கும் விடலாம். பெட்டியில் போட்டுக் கொடுத்துவிட்டாள். மறுநாள் வீட்டு வாசலில் வைத்து அவனே மாட்டிக்கொண்டான். அவள் அன்று காரமடையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள்.

ஒன்பதாம் நாள் காலை. புண்ணாக்கு லோடோடு திம்பம் மலைப்பாதையில் பாதி ஏறியிருந்தவன் போன் செய்தான்.

"அம்மணி, உன்ற டர்போ ஒரு கத்துக் கத்திப்போட்டு நின்னுபோச்சு பாரு!" சிரித்துக்கொண்டேதான் சொன்னான். "இழுவையே இல்ல. ஓரங்கட்டிட்டேன். பின்னால வாரவனுக்குத் தெரியறாப்புல நாலு கெளைய ஒடிச்சுப் போட்டுட்டுக் கூப்புடறேன்."

கூப்பிடவில்லை. கிளையைச் சாலையில் போடக் குனிந்திருந்தவனை, வளைவில் திரும்பி வந்த இன்னொரு லாரிக்காரன் பார்க்கவில்லை.

ஊர் அதை விதி என்றது, மலை என்றது. டர்போவைப் பற்றி யாரும் பேசவில்லை. துக்கம் கேட்க வந்த சசிதர் மட்டும், யாரும் கேட்காமலே, "அக்கா வேலை சுத்தம். மூணுதான், கார்டுல இருக்குது" என்று சபையில் சொல்லிவிட்டுப் போனான். மூன்றாம் நாள், சொந்தக்காரர்கள் கிளம்பிய பிறகு, மகள் லோகப்பிரியா அடுப்படி நிலையில் சாய்ந்து நின்று ஒன்றே ஒன்று கேட்டாள். அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது.

"அம்மா, அது நீங்க பேலன்ஸ் பண்ணுனதுதானுங்களே?"

"ஆமா கண்ணு."

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. கல்லூரிக்குப் போனாள், வந்தாள், சாப்பிட்டாள். அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பேசுவதை மட்டும் விட்டுவிட்டாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து பட்டறைக்குப் போன கீதா மெஷினுக்குப் போகவில்லை. மண்ணெண்ணெய்த் தொட்டிக்கு முன்னால் குந்திக்கொண்டு, கரி பிடித்த சாமான்களைப் பிரஷ்ஷால் தேய்க்க ஆரம்பித்தாள். சசிதர் கெஞ்சிப் பார்த்தான், கோபித்துப் பார்த்தான். கை வெந்து தோல் உரிந்தபோதும் அவள் எழுந்திருக்கவில்லை. மெஷினுக்கு வேறு ஆள் போட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பட்டறை லீவு. கீதா கேட்டுக்கொண்டதற்காக சசிதர் வந்து கதவைத் திறந்துவிட்டான். மேஜைமேல் சாக்கைப் பிரித்ததும் முகம் மாறிப்போனான்.

"ஏனுங்கக்கா, ரெண்டு வருசமாச்சு. இதப் பிரிச்சு இனி என்ன பண்ணப்போறீங்க?"

"தெரிஞ்சுக்கோணுங்க."

"அதான் கார்டு இருக்குதே."

"ஒருக்காதான் ஓட்டுனேனுங்க. மறுவோட்டம் உடல. உங்களுக்குத் தெரியாது."

சசிதர் ஸ்பேனரை எடுத்து அவள் கையில் கொடுத்தான். என்ன பார்க்க வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். பேலன்ஸ் தவறியிருந்தால் ஷாஃப்ட் உள்ளே ஆடி ஆடி, பேரிங் துளையை ஒரு பக்கமாக அகட்டியிருக்கும். ஆனால் உள்ளே எண்ணெய்ப் பசை இருக்கும். எண்ணெயே வராமல் போயிருந்தால் ஷாஃப்ட் சூட்டில் நிறம் மாறியிருக்கும். முதலாவது என்றால் கீதா. இரண்டாவது என்றால் வேறு என்னமோ.

போல்ட் எல்லாம் துரு ஏறிக் கிடந்தது. மண்ணெண்ணெய் விட்டு, காத்திருந்து, சுத்தியலால் தட்டித் தட்டி ஒவ்வொன்றாகக் கழற்றவே பத்து மணி ஆகிவிட்டது. இரண்டு பக்க ஓடுகளும் வந்துவிட்டன. ஷாஃப்ட் வரவில்லை. பேரிங்கோடு ஒட்டிக்கிடந்தது. கட்டையை அண்டக் கொடுத்து சசிதர் ஒரு போடு போட்டான். நழுவி வந்து மேஜையில் உருண்டது.

மயில் கழுத்து நிறம். நடுவில் நீலமும் ஊதாவுமாக, ஒரு சொட்டு எண்ணெய் இல்லாமல் வறண்டு, கருகி.

கீதா ஷாஃப்டைத் தொடவில்லை. எண்ணெய் இறங்குகிற துளைக்குள் கம்பியை விட்டாள். பாதியில் முட்டியது. ரப்பர் மாதிரி மெத்தென்று முட்டியது. நெம்பி எடுத்தாள். துவரம்பருப்பு அளவுக்குச் சிவப்பாக ஒரு கட்டி.

"பேஸ்ட்டுங்கக்கா" என்றான் சசிதர். "ஆயில் பைப் மாட்டறப்ப நடுவுல கேஸ்கெட் தகடு வெக்காம, ஒழுகாம இருக்கறதுக்குப் பேஸ்ட்ட அப்பியிருக்காங்க. பிதுங்கி உள்ள போனது பிஞ்சு வந்து அடைச்சிருச்சு. இது உங்க வேலை இல்லீங்க. நீங்க செஞ்சதுல ஒரு குறையும் இல்ல. பெட்டில கேஸ்கெட் போடலீங்களா?"

"போட்டேனுங்க. என்ற கையால போட்டேன்."

"அப்ப மாட்டுனது?"

"அவருதான்."

சசிதர் டீ வாங்கி வருகிறேன் என்று வெளியே போய்விட்டான். நல்ல மனுஷன். அவன் போனதும் கீதா மேஜையில் உள்ளங்கையால் ஓங்கி ஓங்கி அடித்தாள். "கேஸ்கெட்டு வெச்சுத்தானுங்களே குடுத்தேன்? பெட்டியத் தொறந்தா மேலயேதானுங்களே இருந்துச்சு? உன்ற டர்போ உன்ற டர்போன்னீங்களே மாமா!" செத்தவனோடு அவள் போட்ட முதல் சண்டை அது. அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது. தேய்த்துக் கழுவி வைத்திருந்த சாமான்களுக்கு நடுவே, தரையில் உட்கார்ந்து, டீ ஆறுகிற வரைக்கும் அழுதாள்.

அன்று முழுக்க அங்கேயே இருந்துவிட்டு, சாயங்காலம் கிளம்பினாள். நடக்க நடக்க உடம்பு லேசாகிக்கொண்டே வந்தது. வெட்கமாகக்கூட இருந்தது. ஆனாலும் ரயில்வே பாலம் தாண்டியதும் தள்ளுவண்டியில் நின்று மகளுக்குப் பிடித்த காளான் வாங்கினாள். வெங்காயம் தூக்கலாக, காரம் கூட்டி. இன்றைக்கு அவள் என் முகத்தைப் பார்த்துச் சாப்பிடுவாள் என்று நினைத்துக்கொண்டாள். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

லோகப்பிரியா துணி மடித்துக்கொண்டிருந்தாள். கீதா காளான் பொட்டலத்தை வைத்துவிட்டு, அந்தச் சிவப்புக் கட்டியை மடித்து முந்தானையில் முடிந்திருந்த காகிதத்தைப் பிரித்து அவள் முன்னால் நீட்டினாள்.

"கண்ணு, இதப் பாரு. அப்பா வண்டி டர்போவப் பிரிச்சோம். பேலன்ஸ் சுத்தமா இருந்திருக்குது. என்ற வேலைல கோளாறே இல்ல. அப்பா கேஸ்கெட்ட உட்டுப்போட்டு இந்தப் பேஸ்ட்ட வெச்சு மாட்டியிருக்காரு. இதுதான் போயி எண்ணெய அடைச்சுப்போடுச்சு."

லோகப்பிரியா காகிதத்தைத் தொடாமல் பார்த்தாள். மடித்துக்கொண்டிருந்த சுடிதார் கையிலேயே நின்றது.

"செவப்பா இருக்குது" என்றாள்.

"ஆமா சாமி. கடைல விக்கறதுதான்."

"நாந்தாம்மா வாங்கியாந்தேன்."

கீதாவுக்கு முதலில் விளங்கவில்லை.

"அன்னைக்கு நீங்க கல்யாணத்துக்குப் போயிட்டீங்கல்ல. அப்பா கேஸ்கெட்ட எடுத்துப் பாத்துட்டு, புதுசு அப்படியே இருக்கட்டும், வழியில எங்காச்சும் ஆகும்னு டேஷ்போர்டுல வெச்சாரு. என்னைய வண்டியில அனுப்பி பேஸ்ட் வாங்கியாரச் சொன்னாரு. நாந்தான் லைட் புடிச்சேன். அப்பா கொஞ்சமாத்தான் தடவுனாரு. நான்…" அவள் சுடிதாரைக் கீழே வைத்தாள். "நான்தாம்மா சொன்னேன். இன்னுங் கொஞ்சம் போடுங்கப்பா, ஒழுகுனா திரும்பவும் கழட்டோணும்னு. நீ சொன்னாச் செரி அம்மணின்னு சிரிச்சுட்டுப் போட்டாரு."

கீதாவுக்கு அடுப்படி நிலையில் சாய்ந்து நின்ற பத்தொன்பது வயசுப் பெண் இப்போதுதான் கண்ணுக்குத் தெரிந்தாள். நீங்க பேலன்ஸ் பண்ணுனதுதானுங்களே என்று அது கேட்டது குற்றம் சாட்டி அல்ல. ஆமாம் என்று சொல்லிவிடு அம்மா என்று. அந்த ஒரு ஆமாவைப் பிடித்துக்கொண்டுதான் இந்தப் பிள்ளை இரண்டு வருஷம் கல்லூரிக்குப் போய் வந்திருக்கிறது. அதை இன்றைக்குத் தானே வந்து பிடுங்கிவிட்டோம், அதுவும் காளான் வாங்கிக்கொண்டு வந்து.

காகிதத்தை மெல்ல மடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அப்ப என்னாலதானுங்களே?" என்றாள் லோகப்பிரியா. கண் கலங்கவில்லை. அதுதான் கீதாவுக்குப் பயமாக இருந்தது.

"இல்ல கண்ணு. நான் முழுசாச் சொல்லல. பேஸ்ட்டு மட்டும்னா இத்தனூண்டுக்கு டர்போ நிக்காது. ஷாஃப்ட்டு ஒரு பக்கமாத் தேஞ்சிருந்துச்சு. பேலன்ஸும் வெலகித்தான் இருந்திருக்குது."

"இப்பத்தான் சுத்தம்னு சொன்னீங்க."

"எனக்கு நல்லாருக்கட்டும்னு சொல்லிப்போட்டேன்."

"எத்தனைம்மா வெலகியிருந்துச்சு?"

கீதா யோசிக்கவே இல்லை. "ஆறு. ஆறரை இருக்கும்."

"கார்டுல மூணுன்னு எழுதியிருக்குதுன்னு சசிதர் மாமா எல்லாத்துக்கும் முன்னால சொன்னாருங்களே."

வெளியே தெருவில் யாரோ மோட்டார் போட்டார்கள். தண்ணீர் தொட்டியில் விழுகிற சத்தம் கேட்டது. கீதா மகளின் முகத்தை நேராகப் பார்த்தாள். இரண்டு வருஷம் கழித்து அந்தப் பெண்ணும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அது நான் எழுதுனதுதான கண்ணு" என்றாள் கீதா. "உங்கப்பா வெளிய நின்னு ஹாரன் அடிச்சுட்டே இருந்தாரு. ஆறுன்னு வந்தத மூணுன்னு எழுதிப்போட்டேன்."