மக்குப் பாய்

மூன்றாம் வகுப்பு டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்த பேர் மூணு கை டீச்சர். ஒரே வகுப்புக்குத் தினமும் மூன்று பாடம் தயார் செய்வார். சரளமாகப் படிக்கிறவர்களுக்கு நீலப் பாய், எழுத்துக் கூட்டுகிறவர்களுக்குப் பச்சை, எழுத்தே பிடிபடாதவர்களுக்குச் சிவப்பு. நான் பக்கத்து வகுப்பு வாத்தியார். நடுவில் ஒரு தட்டிதான்.

"டீச்சர், இப்படியே போனா உங்களைத்தான் பாயில படுக்க வெக்கணும்" என்று கிண்டல் செய்வேன். சிரிக்கக்கூடத் தெம்பில்லாமல் அட்டை வெட்டிக்கொண்டிருப்பார்.

சிவப்புப் பாய்க்குப் பிள்ளைகள் மக்குப் பாய் என்று பேர் வைத்திருந்தது அவருக்குத் தெரியாது.

அன்று அவர் பச்சைப் பாயில் குனிந்திருந்தபோது, நீலப் பாயில் உட்காரும், தடிக் கண்ணாடி போட்ட சோடாபுட்டி தன் கூட்டாளியிடம், "கால் படாம தாண்டுடா, மக்கு ஒட்டிக்கும்" என்றான். சிவப்புப் பாயில் இருந்த கறிக்கடைக்காரர் மகள் சிலேட்டைத் தூக்கி அவன் மண்டையில் போட்டாள். உடைந்த துண்டால் மறுபடியும் அடித்தாள். ரத்தத்தைப் பார்த்ததும் வகுப்பே ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கடித்து உதைத்தது. நான் ஓடிப் போவதற்குள், விலக்கப்போன டீச்சரின் புருவம் கிழிந்திருந்தது. அவர் அந்தப் பெண்ணின் முடியைக் கொத்தாகப் பிடித்து அறைந்தார். விடாமல் அறைந்தார். கையைப் பிடித்து இழுத்தேன்.

விசாரித்தபோதுதான் மக்குப் பாய் என்ற பேர் டீச்சர் காதுக்கு எட்டியது. "இவ இனிமே இங்க வேண்டாம்" என்றார் தலைமை ஆசிரியர். சேதி கேட்டு வந்திருந்த கறிக்கடைக்காரர் பெல்ட்டை உருவினார். முதல் அடி மகள் முதுகில் விழுந்தது. அடுத்தது குறுக்கே புகுந்த டீச்சரின் முழங்கையில்.

"பாய் போட்டு இவளை மக்குன்னு ஊருக்குக் காட்டினது நான்! அடிக்கணும்னா என்னை அடிங்க!" என்று கத்தினார். பிறகு தலைமை ஆசிரியரிடம், "ஒரு வாரம் குடுங்க சார். இவ படிக்கலேன்னா அனுப்பிடுங்க" என்று கெஞ்சினார். அவரும் வேண்டாவெறுப்பாகத் தலையாட்டினார்.

மறுநாள் மூன்று பாயையும் முற்றத்தில் போட்டுக் கொளுத்திவிட்டு, டீச்சர் வெறுங்கையோடு வகுப்புக்குப் போனார்.

"நேத்து என்ன நடந்துச்சு? சொல்லுங்க, எழுதறேன்."

பிள்ளைகள் கத்தக் கத்த அவர்கள் சொன்னபடியே பலகையில் எழுதினார். வாரம் முழுக்க அதுதான் பாடம். சிலர் 'ரத்தம்' எங்கே என்று தேடினார்கள். சிலர் வரி வரியாக வாசித்தார்கள். வேகமானவர்கள் விட்டுப்போனதைச் சேர்த்து எழுதினார்கள். டீச்சர் மதியம் உட்கார்ந்து சாப்பிடுவதை அந்த வாரம்தான் பார்த்தேன்.

கெடு முடிந்தது. தலைமை ஆசிரியர் வாசலில் நின்றார். வீக்கம் இன்னும் முழுக்க வடியாத கன்னத்தோடு கறிக்கடைக்காரர் மகள் பலகையில் விரல் வைத்தாள்.

"அவன்... மக்குன்னு... சொன்னான். நான்... அடிச்சேன். டீச்சர்... என்னை... அடிச்சாங்க."

டீச்சர் தலை கவிழ்ந்து நின்றார். தலைமை ஆசிரியர் போகத் திரும்பினார்.

"சார், போகாதீங்க" என்று சோடாபுட்டி தலைக்கட்டோடு எழுந்தான். "அடுத்த வரி என்னோடது. நான் இன்னும் படிக்கல."