தண்ணீர் குடிக்காத டிரைவர்

வோய்கோ செஹோவின் என்ற டிரைவரிடமிருந்து பஸ் சாவியைக் கம்பெனி வாங்கிக்கொண்ட நாளில் எங்கள் விபாவா பள்ளத்தாக்கு முழுக்க செர்ரி பழுத்துக் கிடந்தது. கம்பெனி டாக்டர் ஃபுர்லான் அம்மாள் அவன் கையில் பிரஷர் பட்டையைக் கட்டினார், அவிழ்த்தார், மறுபடி கட்டினார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நல்ல சேதி சொன்னதாக எங்கள் பக்கத்தில் ஒருத்தரும் கேள்விப்பட்டதில்லை.

"இந்தப் பிரஷரை வெச்சுக்கிட்டு ஐம்பது பேரோட நீங்க மலை ஏற நான் விட மாட்டேன், வோய்கோ. மாத்திரை எழுதறேன். தினம் வேர்க்க வேர்க்க ஏதாவது செய்யுங்க. செப்டம்பர்ல வாங்க. அப்பவும் இப்படியே இருந்தா, இனிமே ஸ்டியரிங்கைத் தொடவே முடியாது, சொல்லிட்டேன்."

வீட்டுக்கு வந்து சொன்னான். மனைவி நெவென்கா யோட்டா சூப்பைக் கிண்டிக்கொண்டே, "சம்பளம் குறையாதுன்னாங்களே, டெப்போவுல பஸ் கழுவற வேலைதானே, நிம்மதியா இரேன்" என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். அவனுக்கோ சூப் இறங்கவில்லை. டவுனிலிருந்து கோல் என்ற மலையூருக்குப் போகும் லைனில் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே ஓட்டுகிறவன் அவன். எந்த வளைவில் எந்தப் பெண்மணி எந்தக் கம்பியைப் பிடிப்பாள் என்பதுவரை தெரியும். அந்த சீட் போய்விட்டால் அப்புறம் தான் யார் என்று அவனுக்கே தெரியவில்லை.

லைனை த்ராகோவிடம் கொடுத்தார்கள். வயதில் சின்னவன், விசில் அடித்துக்கொண்டே ஓட்டுகிறவன், வளைவுகளில் வேகம். வோய்கோ டெப்போவில் ஹோஸ் பிடித்து நிற்கும்போது தன் பஸ் வெளியே போவதைப் பார்ப்பான்.

மகன் லூப்லியானாவுக்கு வேலைக்குப் போனபோது விட்டுப்போன சைக்கிள் ஒன்று கொட்டகையில் தொங்கியது. அதை இறக்கினான். இதில் ஒரு வெட்கக்கேடு இருக்கிறது. எங்கள் மலைச்சாலையில் ஞாயிற்றுக்கிழமை வந்தால் பாதி நாடு சைக்கிளில் ஏறும். அத்தனை வருஷமும் பஸ் கண்ணாடி வழியாக, "நடுரோட்டுல ஊருதுங்க பாரு, கலர் கலரா!" என்று ஹார்ன் அடித்துத் திட்டித் தீர்த்தவன் இவன்தான். இப்போது மகனுடைய பச்சைச் சட்டை தொப்பையில் ஏறாமல் ஏறி நிற்க, அதே ரோட்டில் இவன்.

முதல் நாள் மரம் அறுக்கும் மில்லைத் தாண்டவில்லை. முழங்கால் வயிற்றில் இடித்தது. மூச்சு தொண்டைக்கு வந்தது. பின்பக்கமோ நெருப்பில் உட்கார்ந்த மாதிரி. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கால் அகட்டி நடந்து வந்தவனைப் பார்த்த நெவென்கா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். ஓடியவள் சும்மா இருந்தாளா? தங்கச்சி சில்வாவுக்கு போன் போட்டுவிட்டாள்.

சில்வா பெண்களுக்கு முடி வெட்டுகிறவள். வாராவாரம் கோல் வரை சைக்கிளில் ஏறி, மேலே ஒரு காபி குடித்துவிட்டு, கடை திறக்கும் நேரத்துக்கு இறங்கி வருகிறவள். வந்தாள். சீட்டைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

"மாமா, அந்தப் பஞ்சு வெச்ச சைக்கிள் பேண்ட்டுக்கு உள்ள என்ன போட்டிருக்கே?"

"என்னடி கேள்வி இது?"

"ஜட்டி போட்டிருக்கியா, இல்லையா?"

"போடாம? நான் என்ன காட்டுமிராண்டியா?"

"அதான் ஜட்டித் தையல் அறுத்து வெச்சிருக்கு. அந்தப் பேண்ட்டை வெறும் உடம்புலதான் போடணும். எல்லாரும் அப்படித்தான் போடறாங்க."

"எல்லாரும் நாசமாப் போகட்டும்" என்றான் வோய்கோ. ஆனால் மறுநாள் ஜட்டி போடவில்லை. எரிச்சல் பாதி குறைந்தது.

சில்வா சீட்டை உயர்த்தினாள், கால் கிட்டத்தட்ட நேராக நீளும்வரை. லேசான கியரில் வேகமாகச் சுற்றச் சொன்னாள். "ஏறும்போது என்கூடப் பேசிக்கிட்டே வரணும். பேச முடியலேன்னா வேகம் ஜாஸ்தின்னு அர்த்தம். அப்புறம் தண்ணி. தாகம் எடுக்கறதுக்கு முன்னாடியே குடி. வளைவுக்கு ஒரு மடக்கு. மறக்காதே."

எல்லாவற்றையும் கேட்டான், கடைசியாகச் சொன்னதைத் தவிர.

அதற்குக் காரணம் இருக்கிறது. கோல் லைனில் நடுவே எங்கேயும் கழிப்பறை கிடையாது. மேலே போனாலும் உடனே திரும்ப வேண்டும், ஒதுங்க நேரம் கொடுக்க மாட்டார்கள். ஆகவே டெப்போ டிரைவர்கள் காலை ஷிஃப்டில் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். அது அவர்களுக்கு ஒரு கௌரவம். பல வருஷங்களுக்கு முன்னால் ஸ்டாங்கோ என்றொரு டிரைவர் அடக்க முடியாமல் பஸ்ஸை நிறுத்தி ஒதுங்கினான். அன்றிலிருந்து பாவம், அவன் பெயரே ஊற்று ஸ்டாங்கோ. மகளின் கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தபோதும், "என்னப்பா ஊற்று, எப்பக் கல்யாணம்?" என்றுதான் கேட்டார்கள். அந்தச் சிரிப்பில் முன்வரிசையில் நின்றவன் வோய்கோ.

அப்படிப் பழகிய உடம்பு, காலையில் தண்ணீர் பாட்டிலைக் கண்டாலே வாயை மூடிக்கொள்ளும். சைக்கிளில் பாட்டில் மட்டும் போய் வந்தது. வீட்டுக்குள் நுழையுமுன் அதை நெவென்காவின் தக்காளித் தொட்டியில் கொட்டிவிடுவான். அந்த வருஷம் தக்காளி அப்படிக் காய்த்தது!

ஜூனில் கல்குவாரி வளைவுவரை போனான். ஜூலையில் புனித அன்னா கோவில். ஞாயிற்றுக்கிழமைகளில் சில்வா கூட வருவாள். "பேசு மாமா, பேசு" என்று விரட்டுவாள். பேச விஷயம் இல்லாமல் பஸ் ஸ்டாப்புகளின் பெயரை வரிசையாகச் சொல்லிக்கொண்டு ஏறுவான். பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட வேண்டி வந்தது. ஒருநாள் கோவிலைத் தாண்டி வாய் தானாக ஏதோ பாட்டை முணுமுணுத்தது. அவனுக்கே ஆச்சரியம்.

எல்லாம் நல்லபடியாகத்தான் போயிருக்கும். பயம்தான் கெடுத்தது. செப்டம்பர் நெருங்க நெருங்கத் தூக்கம் வரவில்லை. டாக்டர் எண்ணைச் சொல்லும் குரல் கனவில் கேட்டது. தினமும் அவன் மலை ஏறும்போது பின்னால் த்ராகோ பஸ்ஸில் வருவான், தாண்டும்போது மூன்று தரம் ஹார்ன் அடிப்பான். கேலி பண்ணுகிறான் என்று வோய்கோவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பரிசோதனைக்கு முந்தின நாள் தனக்குத்தானே ஒரு சவால் வைத்தான். எங்கேயும் காலை ஊன்றாமல், பஸ் தன்னைப் பிடிப்பதற்குள் கோல் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். சேர்ந்துவிட்டால் நாளைக்கு எந்த டாக்டர் என்ன சொல்லிவிட முடியும்? பைத்தியக்காரத்தனம்தான். அப்படிப்பட்ட நாளில் யாருக்குப் புத்தி வேலை செய்கிறது?

அன்று காற்றே இல்லை. எங்கள் பேய்க்காற்று புர்யா ஒரு நாளாவது உபயோகமாக வீசியிருக்கக் கூடாதா! காலையிலேயே பாறை சுட்டது. மில் போனது, குவாரி போனது. கோவில் வாசலில் தொண்டை காய்ந்து நாக்கு ஒட்டியது. பாட்டிலைப் பார்த்தான். எடுக்கவில்லை. கீழே பஸ் உறுமியது. அந்தச் சத்தம் அவனுக்கு மனப்பாடம். இரண்டாம் கியருக்கு மாற்றுகிறான் த்ராகோ, அப்படியானால் குவாரி வளைவு. இன்னும் நேரம் இருக்கிறது. மிதி, மிதி.

வேர்வை நின்றுவிட்டது. அது நல்லதுக்கு என்று நினைத்தான், மடையன். காதில் ரீங்காரம். ரோட்டின் ஓரங்கள் கறுத்து நடுவை நோக்கி நெருங்கின. ஸ்டாப் பெயர்களைச் சொல்லிப் பார்த்தான். கோவிலுக்கு அடுத்தது என்ன? தினம் நூறு தரம் சொன்ன பெயர். வரவில்லை.

கடைசிக்கு முந்தின வளைவில் சைக்கிள் சாய்ந்தது. விழுந்த இடத்தைப் பார்த்தான். பாறை முட்டிக்கொண்டு நிற்கும் உள்வளைவு. பஸ் முழுசாகத் திரும்பும்வரை டிரைவருக்கு அந்த இடம் தெரியவே தெரியாது. அவனைவிட இது யாருக்குத் தெரியும்? நகர வேண்டும். கையை ஊன்றினான். கை மடங்கியது. கால்கள் வேறு யாருடையவோ போலக் கிடந்தன. உறுமல் பாறையில் மோதிக் கிட்டே வந்தது. "நிறுத்துடா" என்று கத்தினான். குரல் வெளியே வரவில்லை. நெவென்காவின் முகம் ஒரு தரம் வந்து போனது.

பஸ் ஊர்ந்து வந்தது. ஆமாம், ஊர்ந்து. அவன் காலடியிலிருந்து இரண்டு கஜம் தள்ளி பிரேக் சீறியது.

த்ராகோ குதித்து இறங்கி ஓடி வந்தான். முகம் வெளுத்திருந்தது. "யோவ் வோய்கோ! உயிரோட இருக்கியா?"

"நீ... மெதுவா வந்தியே" என்றான் வோய்கோ. அதுதான் முதலில் வாயில் வந்தது.

"மெதுவா வராம? கோவில்கிட்ட உன்னைக் காணோம். அப்ப மேலதான் எங்கேயோ இருக்கேன்னு ஊர்ந்துக்கிட்டு வந்தேன். தினமும் நீ எங்க இருக்கேன்னு பாத்துப் பாத்துதான்யா ஓட்டறேன். எதுக்கு ஹார்ன் அடிக்கறேன்னு நெனச்சே? பின்னாடி வரேன், ஒதுங்குன்னுதான்."

கைத்தாங்கலாக நிழலில் உட்காரவைத்தான். சைக்கிளிலிருந்து பாட்டிலை உருவி, கனத்தைப் பார்த்து, "என்னய்யா இது, மூடிகூடத் திறக்கலையே!" என்று வாயருகே நீட்டினான். வோய்கோ முகத்தைத் திருப்பினான்.

"வேணாம்... திரும்பி இறங்கறவரைக்கும்... இடமில்லையே."

த்ராகோவுக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்ததும் மலையே அதிரக் கத்தினான். "அட அறிவுகெட்டவனே! நீ என்ன பஸ்ஸா ஓட்டறே? சைக்கிள்யா இது! வந்தா இறங்கிப் போ, சுத்திலும் மரம்தானே இருக்கு!"

பஸ் ஜன்னல்களில் முகங்கள் வரிசையாக நின்றன. எல்லாம் அவனுக்குத் தெரிந்த முகங்கள். ஒருத்தரும் சிரிக்கவில்லை. வோய்கோ குடித்தான். பாட்டில் முழுக்கக் குடித்தான்.

பஸ்ஸிலேயே ஏற்றி வந்து வீட்டருகே இறக்கிவிடும்போது த்ராகோ தணிந்த குரலில், "நாளைக்குத்தானே டாக்டர்? நான் வாயைத் திறக்க மாட்டேன். பஸ்ல இருந்தவங்களும் சொல்ல மாட்டாங்க, கேட்டுட்டேன்" என்றான்.

மறுநாள் டாக்டர் பட்டையைக் கட்டினார், அவிழ்த்தார். புருவம் உயர்ந்தது. "அட! சபாஷ் வோய்கோ. நான் இவ்வளவு எதிர்பார்க்கலை." பேனாவை எடுத்தார். "தலைசுத்தல், மயக்கம், அந்த மாதிரி எதுவும் இல்லையே?"

இல்லை என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான். சாவி கைக்கு வந்துவிடும். வோய்கோ வாயைத் திறந்தான். கண்ணுக்குள் அந்த வளைவு வந்தது. தரையில் கிடந்து பார்த்த மாதிரி அல்ல, டிரைவர் சீட்டிலிருந்து பார்க்கிற மாதிரி. பின்னால் ஐம்பது பேர், ஸ்டியரிங்கில் மடங்கிப்போகிற கை.

"நேத்து மயங்கி விழுந்தேன், டாக்டர்."

ஃபுர்லான் அம்மாள் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். வோய்கோ எல்லாம் முடிந்தது என்று நினைத்தான். எல்லாவற்றையும் சொன்னான், தக்காளித் தொட்டிவரை. கேட்கக் கேட்க டாக்டரின் முகம் சிவந்தது.

"நீர் பிரியற மாத்திரை குடுத்திருக்கேன் உங்களுக்கு! அதை முழுங்கிட்டு, சொட்டுத் தண்ணி குடிக்காம, அந்த வெயில்ல மலை ஏறினீங்களா? செத்துப்போயிருப்பீங்க, மனுஷா! இன்னிக்குக் கையெழுத்துப் போட மாட்டேன். இதயத்தை முழுசா சோதிக்கணும். ரெண்டு வாரம் தண்ணி குடிச்சு ஏறிட்டு வாங்க, அப்பறம் பாப்போம்."

அந்த இரண்டு வாரம் சில்வா பக்கத்திலேயே வந்தாள், வளைவுக்கு ஒரு மடக்கு என்று எண்ணிக்கொண்டு. தினமும் நடுவழியில் காலை ஊன்றினான், தினமும் மரத்துக்குப் பின்னால் ஒதுங்கினான், தினமும் கோல் போய்ச் சேர்ந்தான். இதயத்தில் கோளாறில்லை. டாக்டர் கையெழுத்துப் போட்டார். போடுமுன் சத்தியம் வாங்கிக்கொண்டார், டிரைவர் சீட்டில் உட்கார்ந்தும் தண்ணீர் குடிப்பேன் என்று.

அக்டோபரில் ஒரு காலை. புர்யா பஸ்ஸைப் பக்கவாட்டில் இடித்தது. சீட் அருகே பாட்டில், பாதி காலி. கோவில் நெருங்கும்போது அவனுக்கு வந்துவிட்டது. ஸ்டாங்கோ நினைவுக்கு வந்தான். காது சூடானது. பல்லைக் கடித்தான். பிறகு கடிப்பதை விட்டுவிட்டு பஸ்ஸை ஓரம் கட்டினான், கைபிரேக்கைப் போட்டான், மைக்கை எடுத்தான்.

"ரெண்டு நிமிஷம்."

பின் சீட்டிலிருந்து ஒரு பெண்குரல் வந்தது. "நிதானமாப் போயிட்டு வா வோய்கோ. நாங்க எங்க ஓடிடப் போறோம்?"

சாயங்காலத்துக்குள் டெப்போ முழுக்க ஊற்று வோய்கோ என்று ஆகிவிட்டது, அது வேறு விஷயம். ஸ்டாங்கோ வந்து கையைக் குலுக்கிவிட்டுப் போனான்.

அந்தக் காலையில் ஒதுங்கிவிட்டுத் திரும்ப ஏறி உட்கார்ந்து, கடைசிக்கு முந்தின வளைவை இரண்டாம் கியரில் ஊர்ந்து திரும்பினான். முன்னால் ஒரு பருத்த மனிதன், ஆரஞ்சுச் சட்டை தொப்பையில் பிதுங்க, சைக்கிளில் தள்ளாடிக்கொண்டு ஏறினான். வோய்கோ ஹார்ன் அடிக்கவில்லை. ரோடு அகலமாகும்வரை பின்னாலேயே போனான். தாண்டும்போது அந்த ஆளுடைய பாட்டிலைப் பார்த்தான். விளிம்புவரை நிறைந்திருந்தது.

ஜன்னலைத் திறந்து, காற்றை மீறிக் கத்தினான்: "யோவ், அந்தத் தண்ணியைக் குடிய்யா!"