உள்ளிருந்து கேட்ட சிரிப்பு

இன்று வில்லியனூர் பஸ்ஸில் ஒருவன் போனில் ஏதோ பெரிய மனுஷனைக் கிண்டல் செய்யும் வீடியோ பார்த்துச் சிரித்தான்.

பக்கத்தில் இருந்தவர் அவன் தொடையைத் தட்டினார். "மெதுவா சிரிடா. முன்சீட்டுல அவரு ஆளு கீறாரு."

எனக்கு ஒரு பழைய காலை ஞாபகம் வந்தது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி இதைப் போனில் தட்டிப் போடுகிறாள்.

பிரெஞ்சுக் கொடி இறங்கிய வருஷம். கூத்தில் என் மச்சான் ஊரைச் சிரிக்கவைக்கும் கட்டியக்காரன், நான் மத்தளம். அதுவரை பிரெஞ்சுக்காரன் பக்கம் நின்ற எங்கள் மிராசுதார் ஒரே ராத்திரியில் கதர் குல்லாவுக்கு மாறினார். மச்சான் அதே மாதிரி ஒரு குல்லாவை மாட்டிக்கொண்டு, "இன்னிக்கு எந்தக் கொடிக்குக் கும்புடு சாமி?" என்றான். ஊரே புரண்டு சிரித்தது.

விடிந்ததும் மிராசுதார் வீட்டு ஆள் வந்து எங்களை மத்தளத்தோடு கூட்டிப் போனான். முற்றத்தில் நாலு பேர் கம்போடு நின்றார்கள்.

"ராவு செஞ்சத இப்ப செய்யி" என்றார் மிராசுதார்.

"இன்னா மச்சான் பண்றது?" என்றேன்.

"நீ மத்தளத்த அடி மாமா."

மச்சான் ஒரு வரி விடாமல் செய்தான். ஒருவரும் சிரிக்கவில்லை. திடீரென்று வீட்டுக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு, அடக்கப் பார்த்து முடியாமல். மிராசுதாரின் மனைவி.

"போங்கடா" என்று மிராசுதார் எழுந்து உள்ளே போனார். கதவு சாத்தப்பட்டது.

எங்கள்மேல் ஒரு அடிகூட விழவில்லை. அந்தம்மா அதற்கப்புறமும் கூத்துப் பார்க்க வருவார். கட்டியக்காரன் வந்ததும் எழுந்து போய்விடுவார்.

நீங்கள் கடைசியாக யார் காதுபடச் சிரித்தீர்கள்? கீழே கமெண்டில் எழுதிவிடாதீர்கள்.