ஹாஜிரா அக்கா ஏற்றுக்கொண்ட தவறு

போன வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு யூசுப் பாய் போன் செய்தார். "சேகர் தம்பி, அக்கா போயிட்டா. நெஞ்சு வலிக்குதுன்னா. ஆஸ்பத்திரிக்குள்ள நொழையறதுக்குள்ள முடிஞ்சிருச்சி." என் கணினித் திரையில் ஒரு கல்யாணப் பத்திரிகை பாதியில் நின்றது. பிழை திருத்த அதை யாருக்கு அனுப்புவது என்று ஒரு கணம் யோசித்தேன். இருபது வருடங்களாக அக்காவுக்குத்தான் அனுப்பி வந்தேன்.

ஹாஜிரா பீவி அவர்களைப் புதுச்சேரியில் பலருக்குத் தெரியாது. முல்லா வீதியில் குடியிருந்தார்கள். கணவர் யூசுப் பாய், வேலை பார்த்த ஆலை மூடிய பிறகு ஆட்டோ ஓட்டுகிறவர். அக்கா எங்கள் அச்சகத்தில் ப்ரூஃப் பார்த்தார்கள். தமிழும் பிரெஞ்சும் அத்துப்படி. எங்கள் முதலாளி அவர்களை 'மதாம்' என்றுதான் அழைப்பார். அக்கா சிவப்பு மையில் 'அச்சிடலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போடாமல் எந்தத் தாளும் இயந்திரத்தில் ஏறாது.

நான் சேர்ந்த புதிதில் ஒரு துண்டறிக்கையில் 'பள்ளிவாசல்' என்பதைப் 'பல்லிவாசல்' என்று அடித்துவிட்டேன். பயந்துபோய் நின்றேன். அக்கா வாய்விட்டுச் சிரித்தார்கள். "நல்லவேள, நான் பாத்தேன். இல்லன்னா தொழுவ வர்றவங்க செவுத்த இல்ல பாத்துட்டு நிப்பாங்க!"

இனி சொல்லப்போவது ஒன்பது வருடங்களுக்கு முன் நடந்தது. ஒரு தனியார் பள்ளிக்காக, உலகப் பெரியோர்களைப் பற்றிய சிறு புத்தகம் ஒன்றைத் தயாரித்தோம். ஒவ்வொரு பக்கத்திலும் ஒருவர். மேலே கட்டத்துக்குள் அவருடைய படம். நபிகள் நாயகத்தின் பக்கத்தில் அக்கா சிவப்பு மையில் எழுதியிருந்தார்கள்: 'இங்கே படம் கூடாது. கட்டத்தை எடுத்துவிடவும்.' கீழே, திருத்தியபின் அச்சிடலாம் என்று கையெழுத்தும் போட்டிருந்தார்கள். நான் எழுத்துப் பிழைகளைத் திருத்தினேன். அந்த வரியைப் பார்க்கவும் செய்தேன். ஆனால் ஒரு பக்கம் மட்டும் வெறுமையாக இருந்தால் நன்றாக இராதே என்று, இணையத்தில் கிடைத்த ஏதோ ஒரு படத்தை எடுத்து வைத்துவிட்டேன். நாயகத்தை உருவமாக வரையக் கூடாது என்பது முஸ்லிம்களின் நெறி; யாரோ தம் மனம்போல் வரைந்தது அது. அதைப் பற்றி இங்கே வேறெதுவும் எழுதமாட்டேன்.

அன்று வெள்ளிக்கிழமை. அக்கா காலையில் வந்து, காய்வதற்காக அடுக்கியிருந்த தாள்களில் ஒன்றை எடுத்தார்கள். முகம் வெளிறிவிட்டது.

"சேகரு, மெஷின நிறுத்து. இது எங்கெங்க போயிருக்கு?"

"பாதி பைண்டிங்குக்கு மூலக்குளம் போயிடுச்சிக்கா."

முதலாளி அந்தக் கட்டுகளைத் திரும்ப எடுத்துவர வண்டியில் பறந்தார். எடுத்தும் வந்துவிட்டார். ஆனால் அதற்குள் பைண்டிங் செய்யும் இடத்தில் யாரோ அதைப் போனில் படம்பிடித்து அனுப்பியிருந்தார்கள். மதிய ஜும்ஆ தொழுகை முடிந்த கையோடு எங்கள் வாசலில் கூட்டம் சேர்ந்தது. முதலில் பத்துப் பேர். பிறகு தெரு அடைத்துக்கொண்டது.

"ஷட்டர எறக்கிடலாம், மதாம். போலீசக் கூப்புடறேன்" என்றார் முதலாளி.

"வேணாம்ங்க. எறக்கினா தப்பு பண்ணிட்டு ஒளியறோம்னு ஆயிடும். நான் பேசறேன்."

அக்கா கையில் எதையோ எடுத்துக்கொண்டு வெளியே போனார்கள். என்னவென்று எனக்குத் தெரிந்தது. அது சிவப்பு மையில் எழுதிய அந்த ப்ரூஃப் தாள். அதைக் காட்டினால் அவர்கள் தப்பித்துவிடுவார்கள். நான் மாட்டிக்கொள்வேன். வெட்டும் இயந்திரத்துக்குப் பின்னால் நின்றேன். என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

முன்னால் நின்ற ஒருவர் கத்தினார். "படத்த வெச்சது யாரு? அவன வெளிய அனுப்புங்க!"

அக்கா அந்தத் தாளை நாலாக மடித்து உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டதைப் பார்த்தேன்.

"ப்ரூஃப் பாத்தது நான். என் கையெழுத்து இல்லாம இங்க எதுவும் அச்சாவாது. தப்பு என்னோடது."

"நம்ம பொம்பளையா இருந்துகிட்டு நீங்களே இப்படிப் பண்ணலாமா?"

"பண்ணக் கூடாதுதான். அதுக்கு அல்லாகிட்ட நான் பதில் சொல்லிக்கறேன். ஒரு தாளும் வெளிய போவாது. நாலு பேரு உள்ள வாங்க. உங்க கண்ணு முன்னாலயே எல்லாத்தயும் அழிச்சிடறோம்."

யாரும் அசையவில்லை. ஒரு பெரியவர்தான் முதலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். பின்னாலேயே கத்தியவரும் வந்தார். தாளில் நாயகத்தின் பெயர் இருப்பதால் காலில் படக்கூடாது என்று அக்கா சொன்னார்கள். தண்ணீர்ப் பீப்பாய்களில் ஊறப்போட்டு, கூழாகும்வரை கையாலேயே பிசைந்தோம். மாலை அஸர் தொழுகைக்கு அழைக்கும்போதுதான் தெரு காலியானது. நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

மறுநாள் கட்டத்தை எடுக்கப் போனேன். "இருக்கட்டும்" என்றார்கள் அக்கா. "அதுக்குள்ள எழுதிடலாம். அவங்க எப்படி இருந்தாங்கன்னு கூட இருந்தவங்க சொல்லி வெச்சிருக்காங்க. நான் சொல்றேன், அடி."

அவர்கள் சொல்லச் சொல்ல நான் அடித்தேன்.

"ரொம்ப ஒசரமும் இல்ல, குட்டையும் இல்ல. அகலமான தோளு. முடி சுருட்டையும் இல்ல, ஒரேயடியா படிஞ்சும் இல்ல. அடர்ந்த தாடி. மொகம் பௌர்ணமி நெலா மாதிரி. நடந்தா மேட்டுலேர்ந்து எறங்கற மாதிரி வெரசா நடப்பாங்க. யாராவது கூப்ட்டா மொகத்த மட்டும் திருப்பமாட்டாங்க, முழு ஒடம்போட திரும்பித்தான் பாப்பாங்க. பெரும்பாலும் சிரிப்பு புன்னகைதான். தலையிலயும் தாடியிலயும் நரச்சது இருபது முடிகூட இல்லியாம்." நிறுத்திவிட்டுச் சொன்னார்கள்: "நரமுடியக்கூட எண்ணி வெச்சிருக்காங்க பாரு. அவ்ளோ பாசம். ஆனா ஒருத்தரும் வரையல."

எல்லாவற்றையும் புத்தகத் தமிழில் மாற்றினோம். கட்டத்துக்குள் சரியாகப் பொருந்தியது.

"நேத்து ஏன் என்னக் காட்டிக் குடுக்கல?" என்று கேட்டேன்.

"உன்ன வெளிய அனுப்பியிருந்தா என்னா நடந்திருக்கும்னு எனக்குத் தெரியாது. என்னைய அடிக்கமாட்டாங்கன்னு தெரியும்." அவ்வளவுதான். வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

ஆனால் அது அவ்வளவில் முடியவில்லை. பல வருடம் சில வீட்டு விசேஷங்களுக்கு அவர்களை அழைக்கவில்லை. வெள்ளிதோறும் பெண்களுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுத்து வந்ததும் நின்றது. எல்லாம் தெரிந்திருந்தும் நான் வாய் திறக்கவில்லை. முதலில் பயம். பிறகு, பழைய கதையைக் கிளறுவானேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானம்.

அடக்கத்தன்று மூன்று கைப்பிடி மண் போட்டேன். அன்றும் பேசவில்லை. மூன்றாம் நாள்தான் வீட்டுக்குப் போய் யூசுப் பாயிடம் சொன்னேன். அவருக்குத் தெரிந்திருக்கும் என்றே நினைத்திருந்தேன்.

அவர் என்னையே பார்த்தார். "எங்கிட்டகூட சொல்லலியே, தம்பி. அன்னிக்கி ராத்திரி நானும் ஏசுனேன் அவள. கண்ணு எங்க போச்சின்னு கேட்டேன். பேசாம சோறு போட்டா."

எழுந்து என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அவர் எழுந்தது உண்மைதான். உள் அறைத் திரைக்கு முன்னால் போய் நின்று, துக்கத்துக்கு வந்திருந்த பெண்களைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"எல்லாரும் கொஞ்சம் ஓதறத நிறுத்துங்க. இந்தத் தம்பி ஒண்ணு சொல்லணுமாம். கேளுங்க." பிறகு என் பக்கம் திரும்பினார். "சொல்லுங்க. சத்தமா சொல்லுங்க."

சொன்னேன். திரைக்குப் பின்னால் ஒரு வயதான குரல் அழுதது. "ஓதிக்குடுக்க வராதன்னு நாந்தானே அவகிட்ட சொன்னேன், யா அல்லா."

அந்த அறையில் இல்லாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். படத்தை வைத்தவன் நான். வைக்காதே என்று எழுதியவர் ஹாஜிரா பீவி.

நிம்மதியாகத் தூங்குங்கள், அக்கா. ஒன்பது வருடம் தாமதமாகத்தான் வாசலுக்கு வந்திருக்கிறேன்.