ஒரு நாள் நின்ற மெஷின்

அம்மாவின் சிகிச்சைக்கும், பிறகு அவருடைய காரியத்துக்குமாக அலைந்ததில் எட்டு மாதம் நான் பளு தூக்கவில்லை. அடுத்த போட்டிக்கு இன்னும் நாள் இருந்தும் மனசு பொறுக்கவில்லை. ஓசூர் ஜிம்முக்குத் திரும்பிய முதல் நாளே, துணைக்கு ஆள் வைக்காமல், பெஞ்சில் படுத்துப் பழைய நூறு கிலோவை எடுத்தேன்.

நெஞ்சுக்கு இறங்கிய கம்பி மேலே ஏறவில்லை. மூச்சு முட்டியபோது யாரோ ஓடி வந்து அதைத் தூக்கிவிட்டார். பக்கத்துத் தளியிலிருந்து ரோஜா ஏற்றி வரும் வண்டிக்காரர், பெயர் தெரியாது.

"ஏன் தொட்டீங்க? ஒரு செகண்டு விட்டிருந்தா நானே தூக்கியிருப்பேன்" என்று கத்தினேன்.

"தப்பா நெனைக்காதீங்கண்ணா" என்று சொல்லிவிட்டு, எடைத் தட்டுகளைக் கழற்றி வைத்துவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை காலை, கம்பெனியில் இரும்பு கடையும் என் மெஷின், கடைய வேண்டிய பீஸ் எதுவும் மாட்டாமல் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. வாராவாரம் கால் மணி நேரம் அப்படித்தான் ஓட்டுவேன். புதிதாக வந்த சூப்பர்வைசர், "இன்னும் பீஸ் போடலையா?" என்று கேட்டார்.

"நேத்து பூரா நின்ன மெஷின் சார். சூடாகட்டும், எடுத்ததும் லோடு குடுக்கக் கூடாது" என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. அது நின்றது ஒரே ஒரு நாள்.

அன்று மாலை வெறும் கம்பியில் தொடங்கினேன். இப்போதும் ஒவ்வொரு முறை ஜிம் கதவு திறக்கும்போதும் திரும்பிப் பார்க்கிறேன். அந்த ரோஜா வண்டிக்காரர் அதன் பிறகு வரவேயில்லை.